கேம்புக்குப் போன தனக்கொடி

மதகுமேடு பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு ஏழு டைரக்டர்கள். தலைவராக வேண்டுமென்றால் நாலு ஓட்டு வேண்டும். ராஜவேலிடம் அவன் சொந்த ஓட்டோடு சேர்த்து நாலு இருந்தது. எதிரே நின்ற வெற்றிவேலிடம் மூன்று. தேர்தல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. இடையில் சனி, ஞாயிறு என்று இரண்டு முழு நாள் கிடந்தது. அதற்குள் ஒருவர் அந்தப் பக்கம் சாய்ந்தாலும் ராஜவேல் கதை முடிந்தது. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒரு காரை எடுத்துக்கொண்டு வந்து தன் பக்கத்து டைரக்டர்கள் மூன்று பேரையும் அள்ளிப் போட்டுக்கொண்டான்.

பெரிய சபைகளில் நடந்துவந்த பழக்கம் இது. இப்போது பால் சங்கம், கோயில் கமிட்டி, ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் இறங்கிவிட்டது. இதற்குப் பெயர் கேம்ப். ஓட்டுப் போடுகிறவர்களை ஒரே இடத்தில் வைத்து, மூன்று வேளையும் நல்ல சாப்பாடு போட்டு, போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஓட்டு நேரத்துக்கு நேராகக் கொண்டுபோய் இறக்குவார்கள்.

தனக்கொடிக்கு வயது ஐம்பத்து மூன்று. பாகூர் ஏரிக்குத் தெற்கே இருக்கும் மதகுமேட்டில் பிறந்தவள். முதலியார்பேட்டையில் வாக்கப்பட்டு, மில் தொழிலாளி கலியபெருமாளுடன் இருபத்திரண்டு வருஷம் டவுனில் குடித்தனம் பண்ணினாள். மில்லை மூடிய பிறகு புருஷனைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்கே திரும்பி, மாடு வாங்கிக் கட்டினாள். பால் அளக்கும் இடத்தில் அளவுக்காரனோடு தினமும் மல்லுக்கு நிற்பாள். அந்த வாயைப் பார்த்துத்தான், பெண்களுக்கான இடம் காலியானபோது ராஜவேல் அவளை டைரக்டர் ஆக்கினான்.

"ஒரு ராத்திரிதான்க்கா. காலைல அஞ்சு மணிக்கெல்லாம் கொண்டாந்து வுட்டுடறேன்" என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றினான்.

காலை அஞ்சு மணி என்பது அவள் வைத்த நிபந்தனை. காரணம் செவ்வந்தி. ஜெர்சி கலப்பு, வேளைக்கு ஏழு லிட்டர் கறக்கும். கன்று பிறந்து ஒன்பதாம் நாள் செத்துப்போனது. அன்றிலிருந்து தனக்கொடி கை பட்டால்தான் மாடு பால் விடும். பக்கத்து வீட்டுக்காரியின் கைக்கு உதைத்தது. சம்பளத்துக்குக் கறக்கிறவன் வந்தான், சொம்பு போன இடம் தெரியவில்லை. கலியபெருமாளோ மில்லில் எந்த மிஷின் நின்றாலும் கைவைத்து ஓட்டிக் காட்டியவர், ஆனால் மாட்டுக்குப் பத்தடி தள்ளித்தான் நிற்பார். மடியில் பால் கட்டினால் வீங்கும், கல்லாகும், மடிநோய் வரும். ஒரு காம்பு கெட்டால் கெட்டதுதான், திரும்ப வராது. வீட்டில் அடுப்பெரிவது அந்த நாலு காம்பில்.

ஹோட்டல் காந்தி வீதிக்குப் பக்கத்தில் இருந்தது. புதுசு. வெளியே முழுக்கக் கண்ணாடி. தனக்கொடி டவுனில் இருந்த காலத்தில் அந்த இடத்தில் மரவாடி இருந்தது. ரிசப்ஷனில் ஆதார் கார்டை வாங்கி நகல் எடுத்தார்கள். அங்கே நின்ற பெண்ணின் சட்டையில் கலைமகள் என்று பெயர் குத்தியிருந்தது. "வெல்கம் மேடம்" என்று தனக்கொடியைப் பார்த்துக் கும்பிட்டாள். யாரைச் சொல்கிறாள் என்று தனக்கொடி பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

லிஃப்டில் ஏறுவதற்கு முன்பே ராஜவேலின் மச்சான் இராமதாஸ் ஒரு காலி ஸ்வீட் டப்பாவை நீட்டினான். மூன்று பேரின் போனும் அதற்குள் போனது.

நாலாவது மாடி, நானூற்று ஏழாம் நம்பர் அறை. தனக்கொடியும் இன்னொரு டைரக்டரான சின்னப்பொண்ணும் அதில். மூன்றாவது டைரக்டர் ஹரிகிருஷ்ணன் பக்கத்து அறையில். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சுவரில் ஒரு பொந்தில் அட்டையைச் சொருகினால்தான் விளக்கு எரிந்தது. ஏசியை எங்கே நிறுத்துவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. குளிக்கிற அறைக்குச் சுவர் இல்லை, கண்ணாடி. கட்டிலில் படுத்தவாறே குளிப்பவரைப் பார்க்கலாம்.

"எவன்டி கட்டினான் இந்தக் கட்டடத்த? பொண்டாட்டி மேல சந்தேகமா அவனுக்கு?" என்றாள் சின்னப்பொண்ணு. மாற்றுச் சேலையை எடுத்துக் கண்ணாடிமேல் தொங்கவிட்டாள். பிறகு ஒரு மணி நேரம் வெந்நீரில் குளித்தாள்.

மேசைமேல் காபி போட்டுக்கொள்ளக் கெட்டிலும் சின்னச் சின்னப் பொட்டலங்களும் இருந்தன. சின்னப்பொண்ணு ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அடிப்பாவி, பால் பவுடரு! பால் சங்கத்து டைரக்டருக்குப் பால் பவுடர் குடுக்கறான் பாரு."

தனக்கொடி சிரித்தாள். அங்கே இருந்த நாட்களில் அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போல விழிப்புத் தட்டியது. முகம் கழுவி, தலையை முடிந்து, பையை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அஞ்சாயிற்று. ஆறாயிற்று. கதவைத் திறந்தாள். நடையில் லிஃப்டுக்கு நேராக நாற்காலி போட்டு இராமதாஸ் உட்கார்ந்திருந்தான்.

"வண்டி வந்துச்சா தம்பி?"

"எந்த வண்டிக்கா?"

"அஞ்சு மணிக்கு வுடறேன்னாரே உன் மாமன்."

"அதுவா? வெற்றிவேல் ஆளுங்க பாகூர் ரோட்ல நிக்கிறாங்களாம். இப்பப் போனா உங்களத் தூக்கிடுவாங்க. திங்கக்கிழம நேரா சங்கத்துக்கே போயிடலாம்னு மாமா சொல்லிட்டாரு."

"என்னைத் தூக்கி என்னாடா பண்ணப் போறான்? மாடு கறக்கணும்டா."

"ஆளு ஏற்பாடு பண்ணியாச்சுக்கா. கவலப்படாதீங்க. கீழ போயி டிபன் சாப்புடுங்க, நாப்பது ஐட்டம் இருக்குது."

கீழே நாற்பது ஐட்டமும் இருந்தன. இராமதாஸ் கூடவே வந்து, கூடவே நின்று, கூடவே மேலே கூட்டிவந்தான். தனக்கொடி ஒரு இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். சின்னப்பொண்ணு மூன்று வகை கேக் சாப்பிட்டாள். நாலாவதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

அறையில் ஜன்னல் இருந்தது. திறக்காது. தாழ்ப்பாள் எங்கேயென்று விரலால் தடவித் தேடினாள். இல்லவே இல்லை. கண்ணாடிக்குக் கீழே தெரு ஓடியது. ஸ்கூட்டர், தள்ளுவண்டி, குடை, பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு கூட்டம். ஒரு சத்தமும் மேலே வரவில்லை. அந்தத் தெருவில் அவள் முன்பு கைப்பிள்ளையோடு நடந்திருக்கிறாள், சேலைக்குப் பேரம் பேசியிருக்கிறாள். முனையில் திரும்பினால் எந்தக் கடை, அதற்கு அடுத்து எந்தச் சந்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இறங்கிப் போகத்தான் முடியவில்லை.

சாயங்காலம் கறவை நேரம் வந்ததும் கை தானாக நெளிந்தது. விரல்கள் மடங்கி விரிந்தன.

"சும்மா உக்காரேண்டி. உன்னப் பாத்தா எனக்குப் படபடன்னு வருது" என்றாள் சின்னப்பொண்ணு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனக்கென்னா அண்ணி, உன் மருமவ கறப்பா. என் மாடு என்னாவும்?"

"அதான் ஆளு வச்சிருக்கான் இல்ல?"

இராமதாஸும் அதைத்தான் சொன்னான். கறவை மிஷின் கொண்டுபோய் வைத்துக் கறந்துவிட்டார்களாம், ஆறு லிட்டர் வந்ததாம். ஆறு என்று அளவு சொன்னதால் தனக்கொடி பாதி நம்பினாள். ஏழு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

ஞாயிறு காலையில் அந்தப் பாதி நம்பிக்கையும் போனது. விடிந்ததிலிருந்து அவள் இராமதாஸின் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் ஊட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்த பேசணும். இல்லன்னா இங்கயேதான் இருப்பேன்." அறை துடைக்க வந்த பெண்கள் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இராமதாஸுக்கு வேறு வழி இல்லை. தன் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டான்.

"கறந்தாங்களா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

அந்தப் பக்கம் கலியபெருமாள் அவசரமாகப் பேசினார். "கறந்தாங்க, கறந்தாங்க. நீ ஒண்ணும் நெனச்சிக்காத. நல்லா சாப்டியா?"

அவர் பேசி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அடித்தொண்டையிலிருந்து இழுத்து, நடுவில் உடைந்து, மறுபடி இழுக்கும் கத்தல். பசிக்கு மாடு அப்படிக் கத்தாது. கன்று செத்த வாரத்தில் செவ்வந்தி இப்படித்தான் கத்தியது.

"யார் கறந்தா?" என்றாள்.

"அது வந்து... மிஷின்காரன் வந்தான். அது உதைச்சதுல மிஷினு ஒடஞ்சி போச்சி. போயிட்டான்."

"எப்ப?"

"நேத்து காலைல."

இராமதாஸ் போனை அணைத்தான். தனக்கொடி எழுந்து லிஃப்டை நோக்கி நடந்தாள். அவன் குறுக்கே கையை நீட்டினான். தொடவில்லை. சுவரோடு சுவராக நின்றுகொண்டு, "யக்கா, என் பொழப்பக் கெடுக்காத" என்றான். ஆறடி ஆள், கண் கலங்கிவிட்டான். அவனைத் தள்ளிவிட்டுப் போக அவளால் முடியவில்லை. அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஏசி ஓடியது. நாலு வேளைப் பால் மடியில் சேரப்போகிறது என்று விரல்விட்டு எண்ணினாள். கடைசியாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் கறந்தது. சனி காலை, சனி மாலை, இன்று காலை. இன்று மாலையும் விட்டால் முடிந்தது.

பன்னிரண்டு மணிக்கு ராஜவேல் வந்தான். சலவைச் சட்டை, கையில் மஞ்சள் பை.

"மாட்டு விஷயம் கேள்விப்பட்டேன்க்கா. தப்பா நெனைக்காத. இன்னிக்கு சாயங்காலம் நானே வண்டியில கூட்டிப்போறேன். கறந்துட்டுத் திரும்ப வந்துடலாம்."

"இப்பயே போலாம் வா."

"போலாம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்." பையைத் திறந்தான். ஒரு எவர்சில்வர் தட்டு, பெரிய பொட்டலம் சூடம். "வெளியப் போனா யாரு என்னா பேசுவான்னு தெரியாது. மூணு பேரும் சூடம் அணைச்சி ஒரு சத்தியம் பண்ணிட்டா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

இது தெற்கத்திக் கிராமங்களில் பழைய ஏற்பாடு. சத்தியம் வாங்காத கேம்ப் கேம்பே இல்லை. வழக்கமாகக் கோயில் வாசலிலோ தென்னந்தோப்பிலோ நடக்கும். ஹோட்டல் அறையில் ராஜவேலுக்கு இதுதான் முதல் தடவை. சின்ன வில்லை ஒன்று போதும். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் வேண்டாமென்று அவன் பாதிப் பொட்டலத்தைத் தட்டில் குவித்தான். தட்டைக் காபி மேசையில் வைத்துக் கொளுத்தினான்.

தனக்கொடிக்கு எதற்கும் மறுப்பில்லை. எந்தச் சாமிமேல் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிவிட்டு வண்டியில் ஏறத் தயாராக இருந்தாள். ஆனால் ராஜவேல் வரிசை பார்த்தான். ஆம்பளை முதலில், அடுத்து வயதில் மூத்தவர்.

ஹரிகிருஷ்ணன் மூன்று தரம் உள்ளங்கையை நெருப்பின்மேல் ஓட்டி, "ராஜவேலுக்குத்தான் என் ஓட்டு, மாறினா என் கண்ணு போவட்டும்" என்றான். அடுத்து சின்னப்பொண்ணு. கேக் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். கரும்புகை கயிறு கயிறாய் மேலே ஏறிக் கூரையைத் தொட்டுப் பரவிக்கொண்டிருந்தது. "ராஜவேலுக்கு..." என்று அவள் வாயெடுத்தாள்.

மணி அடித்தது. பள்ளிக்கூட மணி மாதிரி இல்லை. காதுக்குள் ஆணி இறக்குகிற மாதிரி. கூரையில் வட்டமாக இருந்த வெள்ளை டப்பா சிவப்பாக மின்னியது. நடையிலும் மணி, கீழ் மாடியிலும் மணி. எங்கிருந்தோ ஒரு குரல் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது.

"யோவ் மச்சான், என்னாயா இது?" என்று ராஜவேல் கத்தினான். இராமதாஸ் ஓடிவந்து தட்டைத் தூக்கினான். சூடு தாங்காமல் கட்டில்மேல் போட்டான். மெத்தை விரிப்பு பற்றிக்கொண்டது. ஹரிகிருஷ்ணன் தண்ணீர் பாட்டிலைத் தேட, ராஜவேல் தலையணையால் அடிக்க, புகை இரண்டு மடங்கானது. ஹோட்டல் ஆட்கள் மூன்று பேர் கதவைத் தள்ளித் திறந்தார்கள். "எல்லாரும் கீழ போங்க! லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு! சீக்கிரம்!"

தனக்கொடி முதல் ஆளாகப் படியில் இறங்கினாள். கூடவே வெள்ளைக்காரர்கள், குழந்தையைத் தூக்கிய பெங்களூர்க்காரர்கள், துண்டோடு ஓடிவந்த ஒருவர், சோப்பு நுரையோடு இன்னொருவர். கூட்டத்தோடு கூட்டமாக நாலு மாடி இறங்கியும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, ரிசப்ஷன் கலைமகள் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டாள்.

"நானூத்தி ஏழு. தனக்கொடி கலியபெருமாள்?"

"நான்தாம்மா."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே மேடம்? பத்து நிமிஷத்துல மறுபடி உள்ள போயிடலாம்."

"எனக்கு உள்ள வேணாம்மா. ஊட்டுக்குப் போவணும்."

"செக் அவுட்டா மேடம்?"

"அது எப்படிப் பண்றது? யாருகிட்ட கேக்கணும்?"

கலைமகள் புரியாமல் அவளைப் பார்த்தாள். "யாரையும் கேக்க வேணாமே. உங்க பேர்லதான ரூம் போட்டிருக்கு. போறேன்னு என்கிட்ட சொன்னாப் போதும்."

இரண்டு நாளாக இருந்த பூட்டு அவ்வளவுதானா என்று தனக்கொடி ஒரு கணம் ஹோட்டலை அண்ணாந்து பார்த்தாள். சாதாரணமாக யாரிடம் விடைபெற்றாலும் "வரேன்" என்பாள்.

"போறேன்" என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காந்தி வீதி முழுக்கச் சந்தை விரித்திருந்தார்கள். ஐம்பது ரூபாய் சட்டை, பிளாஸ்டிக் வாளி, செருப்புக் குவியல், "எடு எடு எடு" என்று தொண்டை கிழியக் கூவுகிறவர்கள். பின்னால் இராமதாஸ் "யக்கா! யக்கா!" என்று கூப்பிட்டது கேட்டது. அந்தத் தெருவில் அக்கா என்று கூப்பிட்டால் நூறு பேர் திரும்புவார்கள், நூறு பேரும் திரும்பினார்கள். தனக்கொடி நைட்டிக் கடைக்குப் பின்னால் நுழைந்து, சந்தில் திரும்பி, அண்ணா சாலையில் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் ஏற்றும் டெம்போ பிடித்தாள். உட்கார்ந்த பிறகுதான் காலைப் பார்த்தாள். ஹோட்டலின் வெள்ளைத் துணிச் செருப்போடு வந்திருந்தாள்.

பாகூர் பஸ் மெதுவாகப் போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. கண்டக்டர் அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு இரண்டு முறை, "என்னாம்மா, ஆஸ்பத்திரி கேஸா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றாள். "எங்க ஊட்டுல ஒருத்திக்கு."

மூன்று மணிக்கு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தபோது கலியபெருமாள் உள்ளே இருந்தார். பத்தடி தள்ளி இல்லை. மாட்டின் வயிற்றோடு ஒட்டி உட்கார்ந்து, வெந்நீரில் நனைத்த துணியால் மடிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். வலது முழங்கால் பந்துபோல வீங்கியிருந்தது.

"உதைச்சிதா?"

"மூணு தரம்" என்றார். "நீ மனசு ஒடஞ்சிடுவியேன்னுதான் போன்ல சொல்லல."

தனக்கொடி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடி கருங்கல்லாக இருந்தது. கை வைத்ததும் செவ்வந்தி துடித்துக் காலைத் தூக்கியது. "ஏய், நான்தான்டி, நான்தான்" என்றாள். கால் இறங்கியது. முதல் காம்பில் கட்டி கட்டியாய் வந்து, பிறகு மஞ்சளாய், பிறகு பாலாய் வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே வழிவிட்டன. நாலாவது, பின்பக்கம் வலது காம்பு, கொதித்தது. எவ்வளவு இழுத்தும் தண்ணீரும் நூல் நூலாய்த் திப்பியும்தான்.

வாசலில் கார் வந்து நின்றது. ராஜவேல் சட்டையெல்லாம் கரியோடு உள்ளே வந்தான்.

"என்னாக்கா இப்புடிப் பண்ணிட்ட? ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"ரெண்டு நாளா எத்தன வார்த்த சொன்னேன்? பின்னால நிக்காத, உதைக்கும்."

அவன் நகர்ந்தான். "நாளைக்கு ஓட்டு எனக்குத்தானக்கா? அத மட்டும் சொல்லிடு."

"மாட்டு டாக்டரக் கூட்டியா போ."

"சொன்னீன்னா உடனே போறேன்."

"ராஜவேலு, என் மாடு பொழைக்குமான்னு எனக்கே இன்னும் தெரியல. நீ உனக்குத் தெரியணும்னு நிக்கற. ஓடு."

ஓடினான். டாக்டர் வந்து, கெட்ட காம்புக்குள் மருந்து ஏற்றி, ஊசி போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் முழுக்கக் கறந்துவிடச் சொன்னார். விடியவிடிய அவள் கறக்க, கலியபெருமாள் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சங்கத்தில் தேர்தல் அதிகாரி சீட்டை எடுத்து வைத்தார். "மொதல்ல என்கிட்ட வாங்கிடுங்க சார், எனக்கு நேரமில்ல" என்றாள் தனக்கொடி. எழுதி மடித்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். வெற்றிவேலுக்கு அஞ்சு, ராஜவேலுக்கு ரெண்டு. மாறிய இரண்டு ஓட்டில் ஒன்று தனக்கொடியுடையது என்று ஊருக்கே தெரிந்தது. இன்னொன்று யாரென்று ராஜவேல் மண்டையை உடைத்துக்கொண்டான். சின்னப்பொண்ணு மட்டும் தண்ணிப் பைப்படியில் தனக்கொடியின் காதில், "நான் என்னாடி பண்ணுவேன், சத்தியம் பாதியிலயே நின்னுபோச்சு" என்றாள்.

வெற்றிவேலும் அளவுக்காரனை மாற்றவில்லை. தனக்கொடி தினமும் அவனோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்தக் காம்பு தேறவில்லை. பத்தாம் நாள் டாக்டர் கையை விரித்தார். இப்போது வேளைக்கு அஞ்சு லிட்டர்தான். காலையில் மூன்று காம்பையும் கறந்து முடித்ததும், பழக்கத்தில் கை நாலாவதுக்குப் போகும். செவ்வந்தி காலை மாற்றி வைக்கும். தனக்கொடி கையை எடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள்.